கோப்பில் எழுதுங்கள்: அரசுப் பணிக்குப் புதிதாக வருவோருக்குப் பன்னிரண்டு சொற்கள்

குரூப் 4 தேர்வு முடிவு வெளிவரும்போதெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் இனிப்போடு வீட்டுக்கு வருவார்கள். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாக ஏறி, கோட்டாட்சியராக ஓய்வுபெற்றவன் நான். ஆசி வாங்கிக்கொண்டு அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஐயா, இந்த அரசியல்வாதிகளை எப்படிச் சமாளிப்பது?”

இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடக் கூடிய கேள்வி இல்லை அது. நம் நாட்டில் ஏழையின் வாழ்க்கை காகிதத்தில் நடக்கிறது. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் அவர் அரசு அலுவலகத்தின் படியேறுகிறார். அந்தப் படியில் ஒரு பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். மறுபக்கம் அரசியல் நிற்கிறது. உங்கள் இருவருக்கும் உள்ள உறவு ஒழுங்காக இருந்தால் அவருக்கு நியாயம் கிடைக்கும். கெட்டுப்போனால் முதலில் அடிபடுவது அவர்தான். அதனால் முப்பத்தைந்து ஆண்டுகளில் கற்றதை வரிசையாக எழுதித் தருகிறேன்.

1. அரசியலை மதியுங்கள்

பணியில் சேர்ந்த ஆறே மாதத்தில் “எல்லாம் இந்த அரசியலால் கெட்டது” என்று பேசப் பழகிவிடுவார்கள். அந்தப் பேச்சு உங்கள் நாவில் ஏறக் கூடாது. பள்ளிக்குப் பசியோடு வந்த பிள்ளைக்கு 1956இல் மதிய உணவு போட முடிவெடுத்தவர் காமராசர் என்ற அரசியல்வாதி. அந்த முடிவை ஊர்மக்களின் பங்களிப்போடு ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு என்ற அதிகாரி. ஒருவர் இல்லாமல் மற்றவரால் அது முடிந்திருக்காது.

நம் துறையிலேயே பாருங்கள். ஊர் அளவில் வருவாய்ப் பணி பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிலேயே தங்கியிருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அவற்றை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இன்று எந்த ஊர்ப் பிள்ளையும் தேர்வெழுதிக் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) ஆக முடிகிறது என்றால் அது அரசியல் திறந்த கதவு. எந்தத் தலைமைச் செயலகக் கோப்பும் தானாக அதைத் திறந்திருக்காது.

2. யார் யாருக்கு என்ன இடம் என்பதில் தெளிவாக இருங்கள்

அமைச்சர், கொள்கையை முடிவுசெய்கிறவர். சட்டத்துக்கு உட்பட்ட அவர் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முழு மனத்தோடு நிறைவேற்ற வேண்டியது உங்கள் கடமை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர் மக்களிடம் போய்க் கைகட்டி நிற்கிறார். நீங்களும் நானும் நின்றதில்லை. சட்டமன்ற உறுப்பினர், மக்களுக்காகக் கேட்கும் உரிமை உள்ளவர். அவர் வந்தால் எழுந்து வணங்குங்கள், சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், என்ன ஆயிற்று என்று நீங்களே தகவல் சொல்லுங்கள். ஆனால் பட்டா மாற்றத்துக்கு ஆணை போடும் அதிகாரம் சட்டத்தில் அவருக்குக் கிடையாது.

மூன்றாவதாக ஒருவர் வருவார். கட்சியில் மாவட்டச் செயலாளரை ‘மாவட்டம்’ என்றும், ஒன்றியச் செயலாளரை ‘ஒன்றியம்’ என்றும் சொல்வார்கள். “மாவட்டம் பேசுறாங்க” என்று தொலைபேசியில் குரல் வரும். உங்கள் அலுவலகத்தில் அவர் ஒரு குடிமகன். நாற்காலி கொடுங்கள், மனுவை வாங்குங்கள், வரிசை எண் போடுங்கள். முன்னால் நிற்கிற கிழவியின் எண்ணுக்குப் பிறகுதான் அவருடைய எண்.

3. வாய்மொழி உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலும் பாதிக் கிணறு தாண்டிவிடுவீர்கள்.

நான் தாசில்தாராக இருந்தபோது ஒரு குளத்துப் புறம்போக்கில் பதினோரு கடைகளை அகற்ற நாள் குறித்திருந்தோம். முந்தைய மாலை மேலதிகாரி ஒருவர் தொலைபேசியில், “ஒரு கடையை மட்டும் விட்டுவிடுங்கள், மேலிடத்தில் சொல்கிறார்கள்” என்றார். “சரி ஐயா” என்று சொல்லிவிட்டு, அன்றிரவே கோப்பில் எழுதினேன்: ‘இன்று மாலை 5.40 மணிக்குத் தொலைபேசியில் இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது. எழுத்துப்பூர்வமான உத்தரவு பணிந்து வேண்டப்படுகிறது.’ காலையில் கோப்பு அவர் மேசைக்குப் போனது. உத்தரவு வரவில்லை. பதினோரு கடைகளும் அகற்றப்பட்டன. அவர் என்மேல் கோபப்படவும் இல்லை. அவர் தலைமேல் இருந்த சுமையும் இறங்கிவிட்டது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. தஞ்சை மண்ணில் பிறந்து அமைச்சரவைச் செயலாளராக உயர்ந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வந்தது: வாய்மொழி உத்தரவின்பேரில் அரசு அலுவலர் செயல்படக் கூடாது, அது எழுத்தில் பதிவாக வேண்டும். இந்தத் தீர்ப்பைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1957ஆம் ஆண்டின் முந்த்ரா விவகாரம் பாடம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்குகளை வாங்கியது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதற்கு ஒப்புதல் தந்தாரா இல்லையா என்பதே நீதிபதி சாக்ளா விசாரணையில் பெரிய கேள்வியானது. தந்தார் என்றார் அவருடைய துறைச் செயலாளர். இல்லை என்றார் அமைச்சர். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று நீதிபதி முடிவுசெய்தார். 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். உரிய நேரத்தில் எழுதப்படாத ஒரு வரிக்கு இரண்டு திறமைசாலிகள் கொடுத்த விலை அது.

4. உள்ளதை உள்ளபடி குறிப்பெழுதுங்கள்

நடந்தது என்ன, விதி என்ன, முன்பு எப்படி முடிவெடுத்தார்கள், என்னென்ன வழிகள் உண்டு, உங்கள் பரிந்துரை எது என்பவை உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். மேலே இருப்பவர் என்ன விரும்புவார் என்று ஊகித்து அதற்கேற்ப உண்மையை வளைத்தால், அந்த நாற்காலியில் நீங்கள் எதற்கு?

அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 10 அன்று வல்லபபாய் படேல், தம் கருத்துக்கு மாறாகக் குறிப்பெழுதும் உரிமையைத் தம் செயலாளர்களுக்குத் தந்திருப்பதாகப் பேசினார். இரும்பு மனிதர் என்று பெயரெடுத்தவரே மாற்றுக் கருத்தைக் கேட்டு வாங்கினார். எழுதியபின் மேலே உங்கள் பரிந்துரையை மாற்றிக் கையெழுத்திட்டால், முடிவு சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கும்வரை, மனம் சுளிக்காமல் நிறைவேற்றுங்கள். சொல்வது உங்கள் கடமை. முடிவெடுப்பது அவர் உரிமை. 2005க்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்பும் வெளியே போகிறது. நாளை ஊரே படிக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

5. “முடியாது” என்பதோடு நிறுத்தாதீர்கள்

நேர்மையான அலுவலர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். விதியைக் காட்டி “முடியாது” என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒருமுறை ஒரு சட்டமன்ற உறுப்பினர் நாற்பது குடும்பங்களோடு வந்து, ஏரி உள்வாயில் குடியிருக்கும் அவர்களுக்குப் பட்டா கேட்டார். நீர்நிலையில் பட்டா கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதைச் சொன்னதும் முகம் சிவந்தது அவருக்கு. நான் வட்ட நில அளவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் ஊர் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு மைல் தள்ளி, குடியிருக்கத் தகுந்த தரிசு இருந்தது. முன்மொழிவு அனுப்பினோம். ஆணை வாங்க அவரே சென்னைக்கு அலைந்தார். அவர் ஓடியிராவிட்டால் அது ஓராண்டில் வந்திருக்காது.

அவருக்குத் தேவைப்பட்டது அந்த மக்களுக்கு வீட்டுமனை. சட்டத்துக்கு வேண்டியது ஏரி. இரண்டும் கிடைத்தன. சட்டத்துக்குள் வழி தேடிக் கொடுப்பவரை எந்த அரசியல்வாதியும் எளிதில் பகைத்துக்கொள்ள மாட்டார்.

6. தாமதத்தால் இடைத்தரகரை வளர்க்காதீர்கள்

இதில் என் தவறு ஒன்று உண்டு. சொல்லிவிடுகிறேன். வருவாய் ஆய்வாளராக இருந்தபோது கூன் விழுந்த ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனு, என் விசாரணை அறிக்கைக்காக மூன்று மாதம் என்னிடம் கிடந்தது. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. வேலைப்பளு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒருநாள் உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று மாலையே அறிக்கை போட்டேன். வாசலில் அந்தப் பாட்டி அவர் காலில் விழுந்து எழுந்ததைப் பார்த்தேன். 1962 முதல் இந்த மாநிலம் கொடுத்துவரும் உதவி அது. அந்தப் பாட்டியின் உரிமை. அதை அந்த மனிதரின் தயவாக மாற்றியது என் மூன்று மாதத் தாமதம்.

சிபாரிசுக் கடிதத்தைப் பெற்றெடுப்பது நம் மேசைதான். மனுவுக்கு உரிய நாளில் பதில் போய்விட்டால் ஏழைக்கு யார் வீட்டு வாசலிலும் நிற்கும் தேவை இல்லை. அரசியல் தலையீட்டை எதிர்க்க இதைவிட வலிமையான வழியை நான் கண்டதில்லை.

7. இடமாற்றத்துக்கு அஞ்சாதீர்கள், இடத்துக்காக யாரிடமும் நிற்காதீர்கள்

அரசமைப்பின் 311ஆம் பிரிவு உங்களுக்குக் காவல். விசாரிக்காமல், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பது அதன் பொது விதி. ஆனால் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அதனால்தான் இடமாற்றம் சாட்டையாகிறது. சாட்டை வலிப்பது, நீங்கள் நாற்காலியை இறுகப் பிடித்திருக்கும்போதுதான்.

என்னை ஒரே ஆண்டில் மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புது ஊரில் புதிதாக ஒன்று கற்றேன். பிள்ளைகளின் படிப்பு பாதிக்காதபடி குடும்பத்தை ஓர் ஊரில் நிலைப்படுத்திவிட்டு, நான் மட்டும் பெட்டியோடு போய்வந்தேன். மாறாக, “இந்த ஊரைப் போட்டுக் கொடுங்கள்” என்று ஒரு பிரமுகரிடம் போய் நின்றால், அன்றே ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டீர்கள். வட்டி கேட்டு அவர் வருவார். பணி விஷயத்துக்கு வெளியார் சிபாரிசைத் தேடுவது நடத்தை விதிகளின்படியே குற்றம் என்பதையும் மறக்காதீர்கள்.

8. விதிகளைக் கரைத்துக் குடியுங்கள்

ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ), 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்றால் என்ன, எத்தனை நாளில் விளக்கம் தர வேண்டும், தற்காலிகப் பணிநீக்கம் எப்போது செல்லும் என்பதெல்லாம் உங்கள் கையில் குறிப்பாணை வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். விதி தெரியாதவரை அதட்டுவது எளிது. நடத்தை விதிகள், அலுவலக நடைமுறை நூல், வருவாய் நிலை ஆணைகள் ஆகியவற்றை வாரம் ஒரு மணி நேரமாவது வாசியுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு முக்கியக் கடிதத்துக்கும் ஒரு நகல் வைத்திருங்கள். குறிப்பாணை வந்தால் கலங்காமல், உரிய நாளுக்குள், ஆவணங்களோடு பதில் கொடுங்கள். உண்மையாக எழுதிய கோப்பைப் போல வாதாடும் வழக்கறிஞர் இல்லை.

9. தேர்தல் காலத்தில் உங்கள் முதலாளி மாறுகிறார்

தேர்தல் அறிவிப்பு வந்ததும், தேர்தல் பணியில் உள்ளவர்கள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் போகிறார்கள். தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து தலைமைத் தேர்தல் ஆணையரான டி.என். சேஷன், 1990 முதல் 1996 வரை, ஏற்கெனவே இருந்த விதிகளைத்தான் உறுதியாக நடைமுறைப்படுத்தினார். தேர்தலின் முகமே மாறியது.

அந்த நாட்களில் ஒரு சிறு உதவிகூடப் பெரிய வினையாகும். 1971 ரேபரேலி தேர்தலில், அரசு அதிகாரி ஒருவர் தம் ராஜினாமா முறைப்படி நடப்புக்கு வரும் முன்பே வேட்பாளருக்காக வேலை செய்தார். மாநில அலுவலர்கள் பிரசாரக் கூட்டத்துக்கு மேடை அமைத்துக் கொடுத்தார்கள். இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டதும், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் தனிக் கதை. மேடைக்குக் கட்டை நட்ட அலுவலர், நாட்டின் வரலாறு தம் கையால் திரும்பும் என்று நினைத்திருப்பாரா?

10. சட்டம் மௌனமாகும் காலத்திலும் மனச்சாட்சியோடு இருங்கள்

அந்த அலகாபாத் தீர்ப்பு வந்த இரண்டு வாரத்தில் நெருக்கடிநிலை வந்தது. காரணம் பார்க்காமலேயே மிசா கைது ஆணைகளில் அதிகாரிகள் கையெழுத்திட்டதைப் பின்னால் அந்தக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. அவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். மேலே சொன்னார்கள், கையெழுத்திட்டோம் என்றார்கள். ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் ஒரு மனிதர் சிறையில் கிடந்தார். ஒரு காகிதத்தில் கையெழுத்திடும் முன், அதன் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவுக்கு மட்டும் பணிவோடு, எழுத்தில், மறுப்புச் சொல்லுங்கள். அப்படி மறுக்க வேண்டிய நாள் உங்கள் பணிக்காலத்தில் இரண்டு மூன்று முறைதான் வரும். வரும்போது தவறவிடாதீர்கள்.

11. கட்சியும் சாதியும் அலுவலகப் படிக்கு வெளியே நிற்கட்டும்

வாக்கு உங்கள் உரிமை. அது இரகசியமாகவே இருக்கட்டும். அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தலைவர் படம் வைப்பதும் ஊருக்கு ஒரு செய்திதான். சாதிச் சங்கத்தார் “நம்ம ஆளு” என்று சால்வையோடு வருவார்கள். அந்தச் சால்வையை வாங்கிய மறுநாள், மற்றச் சாதிக்காரர் உங்களிடம் சான்றிதழ் கேட்கத் தயங்குவார். ஊழியர் சங்கத்தில் சேருங்கள், உரிமைக்குப் பேசுங்கள். ஆனால் சங்கத்தைக் கட்சியின் கிளையாக்க விடாதீர்கள். போராட்டத்திலும் நிதானம் வேண்டும்: தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு பெரும்பாலானோர் பணிக்குத் திரும்பினார்கள் என்றாலும், அந்த நாட்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்த விதத்தை நான் மறக்கவில்லை. கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அதைக் கொண்டுபோகும் வழியையும் யோசியுங்கள்.

12. ஆட்சி மாறும்போது நீங்கள் மாறாதீர்கள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் அலுவலகத்தில் சுவர்ப் படங்கள் மாறும். சிலருடைய பேச்சும் மாறும். முன்னவரைப் பற்றிப் புதியவரிடம் குறை சொல்லி நெருங்குவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். முன்னவரைப் பற்றி இவரிடம் பேசுகிறவர், நாளை இவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவார் என்பது அரசியல்வாதிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். முந்தைய ஆட்சியின் நல்ல திட்டம் ஒன்று நிற்கப் போகிறது என்றால், அதனால் பயன்பெறுவோர் எத்தனை பேர், நிறுத்தினால் என்ன ஆகும் என்று கணக்கோடு எழுதிக் கொடுங்கள். நான் ஏழு முதலமைச்சர்கள் காலத்தில் வேலை பார்த்தேன். எவர் ஆட்சியிலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்தது அதே மக்கள்தான்.

பிள்ளைகளே, ஓய்வுபெற்ற நாளில் மாலையும் ஒரு நினைவுப் பரிசும் என்னுடன் வீட்டுக்கு வந்தன. நான் கையெழுத்திட்ட கோப்புகள் வரவில்லை. நிரந்தரமாக வைத்திருக்க ‘ஆர்.டிஸ்.’ என்று குறித்து முடித்தவை இன்னும் பதிவறையில் இருக்கின்றன. அவற்றை யார் எடுத்துப் படித்தாலும், இந்த ஆள் யாருக்குப் பயந்தான், யாருக்கு உழைத்தான் என்பது தெரிந்துவிடும். அந்தப் பாட்டியின் மனுவும் அங்கேதான் இருக்கிறது, மூன்று மாத இடைவெளியோடு. அதை இப்போது என்னால் திருத்த முடியாது. உங்கள் மேசையில் இன்று இருக்கும் மனுவை உங்களால் முடிக்க முடியும். நாளைக்கென்று வைக்காதீர்கள், எடுத்து எழுதுங்கள்.